முந்நூற்றுப் பதினாறாம் செடியின் பெற்றோர்

ஹௌபி, தைனான்
ஜனவரி 14

அன்புள்ள போ-யென்,

இங்கே அப்பா, நான், உன் தங்கை மூவரும் சௌக்கியம், நாலாயிரத்துச் சொச்சம் ஆர்க்கிட் செடிகளும் சௌக்கியம், மழைக்குப் பிறகு வலைக்கூரையில் வந்த கிழிசல் மட்டும் சௌக்கியமில்லை, அதையும் அப்பா தைத்துவிட்டார். நீ சௌக்கியம் என்று போனில் சொல்வதை நான் பாதிதான் நம்புகிறேன், மூக்கடைத்த குரலில் சொல்கிற சௌக்கியத்தைப் பிறகு எப்படி எடுத்துக்கொள்வது. போனில் பேசிக்கொள்கிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நான் எது சொன்னாலும் நீ ம், ம் என்கிறாய், பின்னால் கீபோர்டு தட்டுகிற சத்தம் கேட்கிறது. காகிதத்துக்கு ம் கொட்ட முடியாது, படித்துத்தான் ஆக வேண்டும். தவிர, புத்தாண்டுப் பார்சலில் அன்னாசிக் கேக்கும் இஞ்சிச் சர்க்கரைக் கட்டியும் வைத்த பிறகு ஒரு மூலையில் இடம் மிச்சம் இருந்தது. என் இரண்டு கையிலும் ஈரப் பாசி, செடிகளின் வேரைச் சுற்றிப் பாசி கட்டிக்கொண்டே நான் சொல்லச் சொல்ல யுன்-ஷி எழுதுகிறாள். அவளைப் பற்றி நல்லதாக ஏதாவது சொன்னால் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறாள், அதனால் எங்காவது வாக்கியம் பாதியில் நின்றால் அம்மாவுக்கு மறதி வந்துவிட்டது என்று எண்ணாதே.

போன வாரம் அப்பாவின் ஹார்ட் டிஸ்க் மக்கர் செய்ததும், நீ அதற்கு ஜெர்மனியிலிருந்து வைத்தியம் சொன்னதும் உனக்கு நினைவிருக்கும் என்று நம்புகிறேன். முழுக்கதை உனக்குத் தெரியாது. 316 என்று ஒரு செடி இந்த வருஷம் முதல் தடவையாகப் பூத்தண்டு விட்டிருக்கிறது. மற்றச் செடிகளில் மொட்டு பச்சையாக இருக்கும்போது இதில் மட்டும் பழுத்த கொய்யாவின் உட்புறம் போல ஒரு நிறம். கீழ் மொட்டு ஒன்று முந்திக்கொண்டு விரிந்துவிட்டது, உள்ளே மஞ்சள், அதில் யாரோ சிவப்பு மையைத் தெளித்த மாதிரி புள்ளி. உன் அப்பா அதற்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார், மதியச் சாப்பாட்டுக்கு மூன்று தடவை கூப்பிட்டேன். மார்ச் கண்காட்சிக்குப் பேர் பதிய வந்த ஆர்க்கிட் சங்கத்து அம்மாளிடம் அதைக் காட்டினார். அவள் குனிந்து பார்த்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்து, "இதைப் புது ரகம்னே பதியலாம் அண்ணே, முதல் வரிசைல வைக்கலாம். இதோட அம்மா அப்பா யாரு?" என்று கேட்டாள். அப்பா கொஞ்சமும் யோசிக்காமல், "ஹார்ட் டிஸ்க்ல இருக்கு" என்றார். பெற்றோர் பேர் இல்லாமல் புது ரகமாகப் பதிய மாட்டார்கள், அது உனக்கும் தெரியும். செடியில் செருகிய அட்டையில் எண் மட்டும்தான் இருக்கிறது. எந்தப் பூவின் மகரந்தத்தை எந்தப் பூவில் என்றைக்கு வைத்தோம், யார் வைத்தது, எதற்காக வைத்தது என்கிற பன்னிரண்டு வருஷக் கணக்கெல்லாம் அந்தச் சோப்புப் பெட்டி அளவு கறுப்புப் பெட்டிக்குள். அது திறக்காவிட்டால் 316 மட்டுமல்ல, பந்தலில் நிற்கிற அத்தனையும் தாய் தகப்பன் தெரியாத பிள்ளைகள்.

அன்றைக்கே போய்க் கம்ப்யூட்டரில் செருகினார். பெட்டியில் விளக்கு எரியவில்லை, கம்ப்யூட்டர் யாரோ எவரோ என்பது போல இருந்தது. உருவினார், செருகினார், ஊதினார், உருவினார், செருகினார். ஒரு தடவை முதுகில் தட்டிக்கூடக் கொடுத்தார், உனக்குச் சிறுவயதில் விக்கல் எடுத்தால் தட்டுவாரே, அதே தட்டு. அந்த நேரம் பார்த்துப் பக்கத்துப் பந்தல் லுவோ மாமா வந்தார். வந்தவர் பெட்டியைப் பார்க்கவில்லை, நேரே அதன் மேல் சாய்ந்திருந்த பச்சைப் பொட்டலத்தை எடுத்துப் பின்பக்கம் திருப்பினார். மிஷின் சமர்த்தாக இருக்கட்டும் என்று அப்பா எப்போதும் வைப்பாரே, பேரே 'சமர்த்து' என்கிற அந்தச் சோளப்பொரிப் பொட்டலம்தான். "அண்ணே! அக்டோபர்லயே தேதி முடிஞ்சு போச்சு. இதை வெச்சுக்கிட்டு மிஷின் ஒழுங்கா இருக்கணும்னா எப்படி இருக்கும்?" என்று கேட்டார். உன் அப்பாவுக்கு முகம் வெளிறிவிட்டது. தேதி முடிந்ததை வைக்கக் கூடாது, பச்சைக்குப் பதில் மஞ்சள் பொட்டலம் வைக்கக் கூடாது, பிரித்துத் தின்னக் கூடாது என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவர் அவர். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார். சின்னப் பொட்டலம் தீர்ந்துவிட்டதாம், தலையணை அளவில் ஒரு குடும்பப் பொட்டலத்தோடு வந்தார். இவர் போன இடைவெளியில் லுவோ மாமா என்னிடம், "அண்ணி, பொட்டலத்துக்கும் கேக்கலைன்னா ரெண்டு மணி நேரம் ஃப்ரீசர்ல வைங்க. எங்க மச்சான் அப்படித்தான் ஒண்ணை எழுப்பினான்" என்று ரகசியமாகச் சொன்னார். நான் பாவி, மீன் உருண்டைக்குப் பக்கத்தில் வைத்தும்விட்டேன். யுன்-ஷி எதற்கோ ஃப்ரீசரைத் திறந்தவள் பெட்டியை எடுத்துத் துண்டில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள் பார், பத்து வயதில் ஒருத்தியை வாய்க்காலில் தள்ளிவிட்டு நீ நின்றபோது நான் உன்னைப் பார்த்த பார்வை. நீ தள்ளியது அவளைத்தான், அதையும் எழுது என்கிறேன், சிரிக்கிறாள். நல்லவேளை, வைத்து ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. உள்ளே ஈரம் பூத்துவிட்டால் பிறகு யாராலும் எழுப்ப முடியாதாம், இது அவள் எங்கோ படித்தது. அன்று முழுக்க அதை அவள் யாரையும் தொட விடவில்லை.

மறுநாள்தான் உனக்குப் போன் செய்தோம். நீ என்ன சொன்னாய் என்று நான் அப்படியே சொல்கிறேன். "பின்னாடி இருக்கற போர்ட்ல போடுங்கம்மா, ரீஸ்டார்ட் பண்ணுங்க, வேற எதையும் அழுத்தாதீங்க, ஞாயித்துக்கிழமை நான் உக்காந்து பாக்கறேன்." பின்னாடி போட்டோம், ரீஸ்டார்ட் செய்தோம், எதையும் அழுத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு வந்தது ஒரு படம், பனியில் நீ விழுந்து கிடக்கிற படம். அப்பா அதைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "உக்காந்து பாக்கறேன்னான், படுத்துட்டான்" என்றார். கோபமில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அன்றைக்கு மூன்று நாள் ஆகியிருந்தது, சிரிப்பு வாயில் மட்டும்தான் இருந்தது.

நீ படுத்துக் கிடந்த அன்றைக்கே இங்கே இது நடந்தது. அப்பா புதுப் பொட்டலத்தைப் பெட்டியின் தலையில் சரியாக நிமிர்த்தி வைத்தார். வைத்ததும் விளக்குப் பளிச்சென்று எரிந்தது. "எரியுது! எரியுது! பாத்தியா, தேதிதான்! தேதிதான் காரணம்!" என்று பந்தல் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினார், கட்டியிருந்த பாசியைப் போட்டுவிட்டு நானும் ஓடினேன். திரையில் ஒரு சின்னக் கட்டம் வந்தது. இந்த டிஸ்க்கைப் பயன்படுத்த ஃபார்மேட் செய்ய வேண்டும், செய்யலாமா என்று கேட்டது. உன் அப்பாவைத்தான் உனக்குத் தெரியுமே, யார் எதைக் கேட்டாலும் சரி என்று சொல்கிற மனுஷன், டெலிபோனில் காப்பீடு விற்கிறவன்கூட இவரை விட்டுவிட மனசில்லாமல்தான் போனை வைப்பான். "மரியாதையாக் கேக்குது, சரின்னுடுவோம்" என்று அம்புக்குறியை ஆம் மேல் கொண்டுபோய்விட்டார். அப்போது யுன்-ஷி, உன் தங்கை, கோயில் விருந்தில் குழம்பு வேண்டும் என்று கேட்க வெட்கப்பட்டு வெறும் சோறு தின்றுவிட்டு வருகிறவள், "அப்பா, வேணாம்!" என்று கத்தி அவர் கையை மவுஸோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அப்பா பயந்தே போய்விட்டார். இவளுக்கு இவ்வளவு குரல் உண்டு என்று பதினேழு வருஷத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. "ஃபார்மேட்னா எல்லாத்தையும் துடைச்சுட்டுப் புதுசாக் கோடு போடறதுப்பா. ஆமான்னா 316 போச்சு" என்றாள், உடனே தன் சத்தத்துக்குத் தானே வெட்கப்பட்டு நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். அப்பா மவுஸிலிருந்து கையை எடுத்து, சூடு பட்டவர் மாதிரி அக்குளில் வைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவள் செய்ததைச் சொல்கிறேன், அவள் எழுதித்தான் ஆக வேண்டும். முதலில் பொட்டலத்தை எடுத்தாள், விளக்கு அணைந்தது. வைத்தாள், எரிந்தது. அப்பா, "நான்தான் சொன்னேனே" என்றார். அவள் பொட்டலத்தைத் தள்ளிவிட்டு அதே இடத்தை விரல் நுனியால் அழுத்தினாள், அப்போதும் எரிந்தது. பெட்டியைக் காதில் வைத்துக் கேட்டாள். உள்ளே டிக் டிக்கென்று அடித்தால்தான் ஆபத்தாம், அதற்கு மேல் கை வைக்காமல் தெரிந்தவரிடம் கொடுத்துவிட வேண்டுமாம். இது அடிக்கவில்லை, மெத்தென்று சுற்றுகிற சத்தம்தான். "டிஸ்க் நல்லாத்தான் இருக்குப்பா. கேபிளோட தலை ஒடிஞ்சிருக்கு" என்றாள். திருப்பிக் காட்டினாள், அந்தச் செருகிக்குக் கழுத்து இருக்கிற இடத்தில் மேலே உறை வெடித்து உள்ளே கம்பி தெரிந்தது. எப்படி ஒடிந்தது என்று கேட்டேன், பொட்டலத்தைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். பன்னிரண்டு வருஷமாக ஆறு மாதத்துக்கு ஒன்றாக, மிஷின் சமர்த்தாக இருப்பதற்காக, கேபிளின் கழுத்தில் பொட்டலத்தைச் சாய்த்து வைத்திருக்கிறார் உன் அப்பா. நான் சிரித்த சிரிப்பில் லுவோ மாமா வேலியோரம் வந்து என்ன என்று கேட்டார். அப்பா இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. பொட்டலம் இருந்ததால்தான் இவ்வளவு நாள் தாங்கியது என்கிறார்.

வீட்டில் இருக்கிற போன் கேபிள் எதுவும் அதற்குச் சேரவில்லை, அதன் வாய் அகலமாக, இரண்டாகப் பிரிந்த மாதிரி இருந்தது. டவுனுக்குப் போய் வாங்க வேண்டும், அப்பாவை அனுப்பினால் கடைக்காரன் எதைச் சொன்னாலும் சரி என்று வாங்கி வந்துவிடுவார். யுன்-ஷி தானே போனாள். பஸ்ஸில் போய், கடை வாசலில் இருபது நிமிஷம் நின்று, உள்ளே கூட்டம் குறையட்டும் என்று எதிர்க்கடையில் டீ வாங்கி அதையும் குடித்து முடித்து, கடைசியில் ஒடிந்த கேபிளை உயர்த்திப் பிடித்துக் காட்டினாளாம், பேசவே இல்லையாம். கடைக்காரர், "இதே மாதிரி வேணுமாம்மா? நீளமா, குட்டையா?" என்றால் இவள் குட்டை என்று கையாலேயே காட்டியிருக்கிறாள். குட்டைதான் நல்லதாம், நீளமானால் கரண்ட் பத்தாமல் போகலாமாம். இதெல்லாம் தெரிந்த பெண் பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று பேச வேண்டும் என்பதற்காகவே பத்தோடு நின்றுவிட்டாளே என்று நான்... பேனாவை வைத்துவிட்டாள். சரி, விடு.

புதுக் கேபிளைப் பெட்டியில் செருகி, நடுவில் வேறெந்தப் பிளக்கும் இல்லாமல் கம்ப்யூட்டரின் பின்பக்கம் நேராகப் போட்டாள். விளக்கு நின்று எரிந்தது. ஆனால் திரையில் டிஸ்க்கை எங்கேயும் காணோம். அப்பா அப்படியே பாசி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். நானும் சிரிக்கவில்லை. பன்னிரண்டு வருஷம், போ-யென். ஒவ்வொரு நாள் சாயங்காலமும் நனைந்த நோட்டுப் புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து ஒரு விரலால் தட்டித் தட்டி ஏற்றியது, நோட்டையெல்லாம் அந்தப் பெரிய வெள்ளம் கொண்டுபோய்விட்டது. யுன்-ஷி ஏதோ ஒரு பட்டியலைத் திறந்தாள், டிஸ்க்குகளின் பட்டியலாம், அதில் நம்ம பெட்டி இருக்கிறது, ஆனால் பேருக்கு ஓர் எழுத்துகூட இல்லாமல் நிற்கிறது. எழுத்து இல்லாததால் கூப்பிட வழியில்லாமல் கம்ப்யூட்டர் அதைக் காட்டாமல் வைத்திருக்கிறதாம். அவள் ஓர் எழுத்தைக் கொடுத்தாள். திறந்துகொண்டது. அப்பா பாய்ந்து வந்தார், அவரையும் தொட விடவில்லை, முதலில் எல்லாவற்றையும் இரண்டு இடத்தில் நகல் எடுக்க வேண்டும் என்றுவிட்டாள். அந்த மூன்று மணி நேரம் உன் அப்பா, நீ பிறந்தபோது ஆஸ்பத்திரி நடையில் நடந்தாரே, அதே நடை.

நகல் முடிந்து 316-ஐத் திறந்தோம். அப்பா தன் பரிசு வாங்கிய வெள்ளைதான் தாய் என்று சங்கத்து அம்மாளிடம் பாதி சொல்லியே வைத்திருந்தார். தாய் அது இல்லை. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் கோணலாக நிற்குமே, இரண்டு தடவை தூக்கிப்போடப் பார்த்த பழைய மஞ்சள், அதுதான் தாய். தகப்பன் என்கிற இடத்தில், லுவோ மாமாவின் செம்புள்ளி, கேட்காமல் எடுத்தது, என்று எழுதியிருந்தது. அப்பாவுக்குக் காது சிவந்தது. தேதி ஐந்து வருஷத்துக்கு முந்தைய ஆகஸ்ட், நீ கிளம்பின மாதம். வைத்தவர் என்கிற இடத்தில், போ-யென். கிளம்பும் முன் நீயே ஏற்றிவைத்திருக்கிறாய், அப்பா கண்ணில் அது படவே இல்லை. காரணம் என்கிற இடத்தில், அப்பா ஒவ்வொரு செடிக்கும் அரைப்பக்கம் எழுதுவாரே அந்த இடத்தில், ஒரே ஒரு வார்த்தை. சும்மா.

அப்பா அதை நான்கு தடவை வாய்விட்டுப் படித்தார். அவனுக்குக் கம்பியும் சிப்பும்தான் தெரியும், செடிக்கு அவன் கை ஆகாது என்று ஐந்து வருஷமாக வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவர். அன்று ராத்திரி சாப்பிட உட்கார்ந்தார். முடித்துக் கிண்ணத்தை வைத்துவிட்டு, "மகரந்தத்தைப் பல் குத்தற குச்சிலயா வெச்சிருப்பான்?" என்று கேட்டார். நான், "வேறெதுல வெப்பான், நீங்க சொல்லிக்கொடுத்ததுதானே" என்றேன். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் மூக்கைச் சிந்தினார், எனக்கு ஜலதோஷம் என்றார். உங்கள் இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி ஜலதோஷம்.

மறுநாள் காலை நல்ல சட்டை போட்டுக்கொண்டு, ஒரு கூடை ஜம்புப் பழத்தைத் தூக்கிக்கொண்டு, பெண் கேட்கப் போகிறவர் மாதிரி லுவோ மாமா வீட்டுக்குப் போனார். பிள்ளை உங்கள் பூவில் கை வைத்துவிட்டான், கேட்காமல் எடுத்துவிட்டான் என்று தலைகுனிந்து சொல்லியிருக்கிறார். நானும் கூடப் போனேன், பார்க்காமல் இருக்க முடியவில்லை. லுவோ மாமா கொஞ்ச நேரம் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு நின்றார். தன் பேரையும் போடாமல் பதியக் கூடாது என்று அவர் சொல்லிவிட்டால் அவ்வளவுதானே. பிறகு, "அப்ப நான் உங்க சம்பந்தியா அண்ணே?" என்று கேட்டுவிட்டு ஒரே சிரிப்பு. போன வாரம் வரைக்கும் 316-ஐ வேலிக்கு மேலிருந்து பார்த்து நிறம் வெளுப்பு என்றவர், இப்போது வருகிறவர்களையெல்லாம் கூட்டி வந்து, "மூக்கைப் பாருங்க, எங்க பக்கத்து மூக்கு" என்கிறார். சம்மதம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டும் கொடுத்துவிட்டார். கண்காட்சியில் அதன் பக்கத்திலேயே ஸ்டூல் வேண்டும் என்பதுதான் அவர் கேட்டது.

இனி நீ செய்ய வேண்டியது. கேக் டப்பாவுக்குக் கீழே பிளாஸ்டிக் உறையில் சங்கத்துப் படிவம் இருக்கிறது. அப்பா தன் பேரைப் போட்டு அனுப்பியிருக்கலாம், யாருக்கும் தெரியப் போவதில்லை, நான்கூடச் சொன்னேன். "செஞ்சவன் பேர்தான்" என்றுவிட்டார். மூன்றாவது கட்டத்தில் உன் கையெழுத்து, கறுப்பு மையில், கம்ப்யூட்டரில் போட்டு அனுப்புகிற வேலையெல்லாம் சங்கத்தில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். நோக்கம் என்கிற இடத்தில் சும்மா என்று எழுதிவிடாதே, அப்பா உனக்காக ஒரு பக்கம் எழுதி வைத்திருக்கிறார், அதைப் பார்த்து எழுது. பூவின் பெயர் என்கிற கட்டம் காலியாக இருக்கிறது. பென்சிலால் ஏதாவது லேசாக எழுதி வைத்திருப்பார் என்று வெளிச்சத்தில் பிடித்துக்கூடப் பார்த்தேன், இல்லை. நீதான் வைக்க வேண்டுமாம். ஃபிப்ரவரி இருபத்தைந்துக்குள் இங்கே வந்து சேராவிட்டால் அது வெறும் 316-ஆகத்தான் மேடை ஏறும். மொட்டு இன்னும் ஏழு இருக்கிறது, கண்காட்சிக்குச் சரியாக விரியும். காலையில் தண்ணீர் விடும்போது உன் அப்பா ஒவ்வொரு செடியையும் பேர் சொல்லி ஏதாவது பேசிக்கொண்டே வருவார், இதன் முன்னால் வந்ததும் வாயைத் திறக்கிறார், பிறகு மூடிக்கொண்டு அடுத்ததற்குப் போகிறார்.

கழுத்துக்குத் துணி கட்டிக்கொள், பனியில் போய்ப் படுக்காதே. இஞ்சிச் சர்க்கரைக் கட்டியை வெந்நீரில் போட்டுக் குடி, கடித்துத் தின்னாதே. உன் கம்ப்யூட்டரில் இருப்பதையும் இரண்டு இடத்தில் எடுத்து வை, இது உன் தங்கை சொல்லச் சொன்னது, நானாகச் சொன்னால் நீ சிரிப்பாய். கடல் தாண்டிப் போனாலும் நம் முன்னோர்களின் கண் உன் மேல் இருக்கட்டும், வயிறு நிறையச் சாப்பாடும் நிம்மதியான தூக்கமும் உனக்குக் கிடைக்கட்டும். இந்தக் கடிதத்தை மடித்துவிட்டு முதலில் பேனாவை எடு.

உன் நலத்தையே நினைத்திருக்கும்,
அம்மா

அண்ணா, அம்மா தபாலாபீசுக்குப் போகச் செருப்பு தேடுகிறாள், அதற்குள் எழுதுகிறேன். பூவுக்கு என் பெயரை வைக்கச் சொல்லி அம்மா உனக்குப் போன் செய்வாள். வைக்காதே. மேடையில் ஒலிபெருக்கியில் படிப்பார்கள்.
யுன்-ஷி